பொம்மைச் சிப்பாயின் கோணல் ரைஃபிளை நிமிர்த்துவது எப்படி

பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஒரு பை வாங்கிக் கொட்டினால் முதலில் கண்ணில் படுவது முகமோ ஹெல்மெட்டோ அல்ல, கோணிக்கொண்டு நிற்கும் துப்பாக்கிக் குழல்தான். பைக்குள் ஒருவன்மேல் ஒருவன் நசுங்கிக் கிடப்பதால் எந்தப் பாகம் மெல்லியதோ அதுதான் முதலில் வளையும், அவனிடம் இருப்பதிலேயே மெல்லியது ரைஃபிள். முகத்துக்குப் பெயின்ட் அடிக்க மணிக்கணக்கில் உட்காருகிறவர்கள்கூட இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் வேலை இதுதான். பெயின்டே அடிக்காத சிப்பாயும் குழல் நேராக இருந்தால் குறி பார்ப்பவனாகத் தெரிவான்.

கத்தியை எடுக்கும் முன் அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மீதி எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். சிப்பாயைத் தண்ணீரில் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிட்டு விடுங்கள். மிதந்து வந்தால் பெரும்பாலும் பாலிஎதிலீன். மூழ்கினால் பாலிஸ்டைரீனாகவோ பிவிசியாகவோ இருக்கும். பாலிஸ்டைரீன் என்றால் மாடல் கிட்டுக்கான பசையே போதும், பிளாஸ்டிக்கைச் சற்றுக் கரைத்து ஒட்டிவிடும். பாலிஎதிலீன் அந்தப் பசைக்கு மசியாது. உலோகச் சிப்பாய் கையில் கிடைத்தால் மட்டும் நில்லுங்கள். 1893இல் இங்கிலாந்துப் பொம்மைத் தயாரிப்பாளரான வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்த காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் வந்த பழைய சிப்பாய்களில் ஈயம் இருக்கும், அதை அரம் போட்டுத் தேய்த்துத் தூள் கிளப்பக் கூடாது.

சரி, நிமிர்த்துவதற்கு வருவோம். ஒரு கிண்ணத்தில் இப்போதுதான் கொதித்து இறங்கிய தண்ணீர், பக்கத்தில் இன்னொன்றில் ஐஸ் போட்ட தண்ணீர். சிப்பாயின் அடித்தட்டைச் சாமணத்தால் பிடித்து, துப்பாக்கி மட்டும் முழுகும்படி அரை நிமிடம் வெந்நீரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் குழலை நேராக்கி, நேர்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒரு துளி அதிகமாகவே வளைத்து, பிடித்த பிடியை விடாமல் குளிர்ந்த நீருக்குள் இறக்குங்கள். பாலிஎதிலீனுக்குப் பழைய வடிவம் மறக்காது, விட்டதும் கொஞ்சம் திரும்பிப் போகும், அதனால்தான் அந்த அதிகப்படி வளைப்பு. ஒரு தடவையில் சரியாகாவிட்டால் மறுபடி செய்யலாம். லைட்டர், மெழுகுவத்தி பக்கம் மட்டும் போகாதீர்கள், பாலிஎதிலீன் 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும், தீயில் காட்டினால் குழலின் நுனி உருண்டையாகிவிடும். சிறுவர்கள் செய்வதென்றால் வெந்நீர் வேலை பெரியவர் கையில் இருக்கட்டும்.

அப்புறம் பிசிறு. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் துப்பாக்கி நெடுக ஒரு மெல்லிய கோடு ஓடும். பாலிஎதிலீனில் உப்புத்தாள் போட்டால் மழமழப்பாவதற்குப் பதில் ரோமம் எழும்பும். புது பிளேடால் சீவி எடுப்பதுதான் வழி, சுரண்டக் கூடாது. ஃப்ரீசரில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் பிளாஸ்டிக் சற்று விறைத்துக் கத்திக்கு ஒத்துழைக்கும்.

உங்கள் கற்பனைப் படைக்கு எல்லோரிடமும் ஒரே ரைஃபிள் இருக்க வேண்டும் என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை. ஒரே பையில் இரண்டு காலத்து ஆயுதங்கள் கலந்து வருவதுண்டு. அமெரிக்கப் படை 1936இல் ஏற்ற எம்1 கரண்ட் ரைஃபிளில் மரக்கட்டை குழலின் நுனியை நெருங்கும்வரை போகும், கீழே மேகசின் துருத்தாது. வியட்நாம் போர்க் காலத்து எம்16 ரைஃபிளில் மேலே தூக்கும் கைப்பிடி, கீழே மேகசின், முன்னால் முக்கோணமாக உயர்ந்த குறிமுனை. வெட்டுவது சுலபம், சேர்ப்பது கஷ்டம், ஆகவே எம்16ஐச் சீவி எம்1 பக்கம் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். 54 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்களை 1/32 அளவு, அதாவது நிஜத்தில் 32இல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால் சுமார் 1.1 மீட்டர் நீள எம்1 கிட்டத்தட்ட 35 மில்லிமீட்டர் வரும், ஒரு மீட்டரை ஒட்டிய எம்16 சுமார் 31. அந்த 4 மில்லிமீட்டர் குறையைக் கம்பி ஈடுகட்டும். குழல் ஒடிந்துபோன சிப்பாய்க்கும் இதே வைத்தியம்தான்.

பொம்மைக் குழல் 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜ அளவில் அது 6 சென்டிமீட்டருக்கு மேல், துப்பாக்கியே இல்லை, தண்ணீர்க் குழாய். ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி எவ்வளவோ மேல். பழைய குழலை வெட்டிவிட்டு, கையால் திருகும் சின்ன டிரில்லால் கம்பியைவிடக் கொஞ்சம் சிறிய துளை போடுங்கள். கம்பியை இடுக்கியால் பிடித்துச் சூடாக்கி, ஜன்னல் திறந்த அறையில், நேராகக் குத்தி இறக்குங்கள். ஆறியதும் பிளாஸ்டிக் கவ்விக்கொள்ளும். வெறும் சூப்பர் குளூ பாலிஎதிலீனில் உரிந்துவரும். பசைதான் வேண்டும் என்றால் இந்த வகைப் பிளாஸ்டிக்குக்கென்றே முன்பூச்சுத் திரவத்தோடு விற்பதை வாங்குங்கள்.

மார்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் பிளாஸ்டிக் அடைத்திருப்பதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். இரண்டே பாதி உள்ள அச்சு நேராகத் திறக்க வேண்டும், உள்ளே வளைந்து போகும் பள்ளத்தை அதில் வார்க்க முடியாது. குடைந்து எடுக்கப் போனால் சிப்பாயின் கை ஒடியும். அங்கே கறுப்புப் பெயின்டை நீர்க்கக் கலந்து விட்டால் நிழல் மாதிரி ஆகி மறைந்துவிடும்.

பெயின்ட் அடிக்கும் முன் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு பிளாஸ்டிக்குக்கான பிரைமர், அதன்மேல் அக்ரிலிக், இரண்டுமே மெல்லிய பூச்சாக. குழலுக்குச் சுத்தக் கறுப்பு அடித்தால் அது வெறும் ஓட்டையாகத் தெரியும், கரும்சாம்பல் அடித்து, பிரஷில் ஒட்டியும் ஒட்டாமலும் வெள்ளி நிறம் எடுத்து விளிம்புகளில் மட்டும் தடவுங்கள். கட்டைக்கு அடர் பழுப்பு. கடைசியாகப் பளபளக்காத வார்னிஷ், அது முழுதாகக் காயும்வரை சிப்பாய்களைத் திரும்பப் பையில் போட்டு அடைக்காதீர்கள்.