பெயரை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்: அமெரிக்க எல்லைப்புற மூதாதையரைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா புல்வெளிகளில் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறி உழுதவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் அநேகமாகக் கிடையாது. பிறப்பு இறப்புகளை மாநில அளவில் பதியும் வழக்கம் நெப்ராஸ்காவுக்கு 1904-இலும் கான்சாஸுக்கு 1911-இலும்தான் வந்தது. ஆனால் அதே மனிதர் அரசு நிலத்தில் குடியேறியிருந்தால், அந்த நிலத்தைச் சுற்றி ஒரு கட்டுக் காகிதம் கிடக்கும். எந்த மாதம் வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் உழுதார், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் உண்டு. இதை விட்டுவிட்டுப் பெயரைத் தேடல் பெட்டியில் இட்டு, அகப்பட்டதையெல்லாம் ஒரே ஆளின் தலையில் ஏற்றுவதுதான் மூலத் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

ஒரே பெயர், வேறு ஆள்

ஜான் ஸ்மித், வில்லியம் ஜான்சன் போன்ற பெயர்கள் ஒரே கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) நான்கைந்து பேருக்கு இருக்கும். கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதால், ஜெர்மனியில் ஷ்மிட் ஆக இருந்தவர் ஒரு பக்கத்தில் ஷ்மிட்டாகவும் பத்து ஆண்டு கழித்து ஸ்மித்தாகவும் நிற்பார். எழுத்து மாறியிருக்கிறது என்பதால் ஆளைத் தள்ளிவிடவும் கூடாது, எழுத்து ஒத்துப்போகிறது என்பதால் ஏற்றுக்கொள்ளவும் கூடாது. பெயருக்குப் பின்னால் வரும் 'சீனியர்', 'ஜூனியர்' என்பவையும் ஏமாற்றும். ஓர் ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர், இளையவர் என்று பிரித்துச் சொல்ல அவை பயன்பட்டன. அவர்கள் தந்தை மகனாக இருக்க வேண்டியதில்லை, உறவாகக்கூட இருக்க வேண்டியதில்லை. மூத்தவர் இறந்ததும் 'ஜூனியர்' அந்த ஊரில் 'சீனியர்' ஆகிவிடுவதும் உண்டு.

ஆளை உறுதிசெய்ய அவரைச் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள்: மனைவியின் பெயர், பிள்ளைகளின் வயது வரிசை, பக்கத்து வீட்டுக்காரர்கள், பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள். எல்லைப்புறத்துக்குத் தனியாகப் போனவர்களைவிடப் பங்காளிகளோடும் மாமன் மச்சானோடும் ஒரே தேவாலயத்தாரோடும் கூட்டமாகப் போனவர்கள் அதிகம். ஆகவே நெப்ராஸ்காவில் பக்கத்து நிலத்துக்காரராக இருப்பவர் இருபது ஆண்டுக்கு முன் இல்லினாயிலும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்திருந்தால், நீங்கள் சரியான குடும்பத்தைப் பிடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கணக்கெடுப்பு சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்வது

கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயது, பால் வாரியாக வெறும் எண்ணிக்கை. சுதந்திர மனிதர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியது 1850-இல் தொடங்கியது. ஆனால் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று கேட்கும் கட்டம் 1880-இல்தான் வந்தது. 1850, 1860, 1870 தாள்களில் ஒரு ஆண், ஒரு பெண், கீழே ஆறு பிள்ளைகள் என்று பார்த்ததும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்ப மரத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெண் இரண்டாம் மனைவியாகவோ தங்கையாகவோ இருக்கலாம்; பிள்ளைகளில் இருவர் இறந்துபோன அண்ணனின் பிள்ளைகளாக இருக்கலாம். முதல் பிள்ளைக்கும் அந்தப் பெண்ணுக்கும் வயது வித்தியாசம் பதினைந்துக்குக் கீழே என்றாலோ, பிள்ளைகளுக்கு நடுவில் ஆறேழு ஆண்டு இடைவெளி இருந்தாலோ, கவுண்டித் திருமணப் பதிவேட்டைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

1830 முதல் 1900 வரை கணக்கெடுப்பின் குறிப்பு நாள் ஜூன் 1. அதிகாரி ஆகஸ்டில் வந்தாலும் அந்த நாளில் வீட்டில் இருந்தவர்களைத்தான் எழுத வேண்டும். ஜூலையில் பிறந்த குழந்தை விடுபட்டிருக்கும்; ஜூன் 20-இல் இறந்தவர் உயிரோடு இருப்பார். 1850 முதல் 1880 வரை, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்களுக்கென்று தனி இறப்புப் பட்டியல் உண்டு. பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

1890-ஆம் ஆண்டுத் தாள்கள் 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. நாடு முழுவதற்கும் எஞ்சியவை சுமார் 6,000 பெயர்களே. எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இது பெரிய இடி. 1880-க்கும் 1900-க்கும் நடுவில் பிறந்து, வளர்ந்து, வீட்டை விட்டுப் போனவர்கள் எந்தத் தாளிலும் பெற்றோருடன் தெரியமாட்டார்கள். இந்த இருபது ஆண்டை வெற்றிடம் என்று தாண்டிப் போகிறார்கள். தாண்ட வேண்டாம். 1885-இல் நெப்ராஸ்கா, டகோட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ, ஃபுளோரிடா ஆகியவை கூட்டாட்சி அரசின் உதவியோடு தனிக் கணக்கெடுப்பு நடத்தின. கான்சாஸ் 1865, 1875, 1885, 1895 என்று தானே எடுத்தது. அவற்றில் பிந்தியவற்றில் 'எங்கிருந்து கான்சாஸுக்கு வந்தீர்கள்' என்ற கட்டம் இருக்கிறது. பிறந்த இடம் ஒஹாயோ, வந்த இடம் அயோவா என்று இருந்தால், அடுத்துத் தேட வேண்டிய மாநிலம் கையில் கிடைத்துவிட்டது. 1890-ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் பட்டியலும், அகர வரிசையில் கென்டக்கியின் ஒரு பகுதி தொடங்கி வயோமிங் வரை தப்பியிருக்கிறது.

கறுப்பினக் குடியேறிகளைத் தேடுவோருக்கு 1870 ஒரு சுவர். அதற்கு முன் அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்கள் 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்ற அளவிலேயே இருக்கிறார்கள். கான்சாஸின் நிக்கோடிமஸ் குடியேற்றம் 1877-இல் உருவானது; அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கென்டக்கியிலிருந்து வந்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பெயரை 1860-இல் தேடிக் காணவில்லை என்று நிறுத்துவது தவறு. அவரை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் உயில், சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை ஆவணங்களில் முதற்பெயரோடு இருக்க வாய்ப்புண்டு.

ஆள் நகரவில்லை, எல்லை நகர்ந்தது

1860-இல் டென்வரில் இருந்த ஒருவரைக் கொலராடோவில் தேடினால் கிடைக்கமாட்டார். அன்று அது இன்னும் மாநிலமாகாத கான்சாஸ் ஆட்சிப்பகுதியின் அராபஹோ கவுண்டி. கொலராடோ ஆட்சிப்பகுதி உருவானது 1861-இல். டகோட்டா இரண்டாகப் பிரிந்து வடக்கு, தெற்கு என்று மாநிலங்களானது 1889 நவம்பரில். கவுண்டிகள் இதைவிட வேகமாக உடைந்தன, பெயர் மாறின, சில மறைந்தே போயின. ஒரு கவுண்டி பிரியும்போது பழைய பதிவேடுகள் பொதுவாகத் தாய்க் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடத்திலேயே தங்கிவிடும். எனவே தேடும் ஆண்டுக்கு அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். சிகாகோவின் நியூபெரி நூலகம் தொகுத்த கவுண்டி எல்லை வரைபடங்கள் இதை நாள் கணக்கில் காட்டுகின்றன.

நிலப் பட்டாவைப் பார்த்துவிட்டு நின்றுவிடுவது

பட்டியலில் இதைத்தான் நீளமாகப் பேச வேண்டும். கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் பட்டாக்களின் படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். பட்டாவில் பெயர், நில விவரம், தேதி தவிர ஏதும் கிடையாது. கீழே இருக்கும் குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் அவர் போட்டதல்ல. 1833 முதல் அவர் சார்பில் செயலர்களே இட்டுவந்தார்கள்.

சரக்கு இருப்பது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள நிலக் கோப்பில். 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை கேட்டவர் ஐந்து ஆண்டு அங்கேயே வாழ்ந்து பயிரிட்டதை இரண்டு சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். அந்த வாக்குமூலத்தில் வீட்டின் நீள அகலம், கிணறு, தொழுவம், உழுத ஏக்கர், விளைந்த பயிர், ஊரைவிட்டுப் போயிருந்த மாதங்கள், அதற்கான காரணம் எல்லாம் வரும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளின் நகலும் உள்ளே இருக்கும். கோப்பைக் கேட்க மாநிலம், நில அலுவலகத்தின் பெயர், நிலம் பெற்ற சட்டம், இறுதிச் சான்று எண், நில விவரம் ஆகியவை வேண்டும். இவை பட்டாவிலும் அந்த இணையதளத்தின் பதிவிலும் இருக்கும். விண்ணப்ப எண்ணையும் இறுதிச் சான்று எண்ணையும் குழப்பினால் வேறொருவரின் கோப்பு வந்து சேரும்.

பட்டா இல்லை என்றால் நிலமே கேட்கவில்லை என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. வறட்சியிலும் வெட்டுக்கிளியிலும் தோற்று, ஐந்து ஆண்டு முடியும் முன்பே நிலத்தைக் கைவிட்டவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பட்டா கிடையாது, ஆனால் ரத்தான கோப்பு உண்டு. நம்மூரில் ஒரு சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல், நில அலுவலகத்தின் நிலவாரிப் பதிவேட்டில் அந்தத் துண்டைப் பார்த்தால், அதைக் கேட்டவர்கள், விட்டவர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள்.

பட்டாத் தேதியைக் குடியேறிய தேதியாக எழுதாதீர்கள். ஐந்து ஆண்டு வாழ்வும், நிரூபிக்கக் கொடுத்த அவகாசமும், வாஷிங்டனின் தாமதமும் சேர்ந்து, 1879-ஆம் ஆண்டுப் பட்டாக்காரர் 1873 வாக்கிலோ அதற்கு முன்போ வந்திருப்பார். அதேபோல் பட்டா எங்கே இருக்கிறதோ அங்கே ஆள் வாழ்ந்தார் என்றும் சொல்லிவிட முடியாது. 1855-ஆம் ஆண்டுச் சட்டம் 14 நாள் படைச்சேவை செய்தவருக்கும் 160 ஏக்கருக்கான உரிமைச் சீட்டு கொடுத்தது. ஒஹாயோக் கிழவர் தம் சீட்டைத் தரகரிடம் விற்றார். அதை வைத்து வேறொருவர் அயோவாவில் நிலம் எடுத்தார். பட்டாவில் இருவர் பெயரும் இருக்கும். கிழவர் அயோவாவை எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். 1873-இன் மரம் வளர்ப்புச் சட்டத்திலும் நிலத்தில் வசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கணவர் பெயரில் மட்டும் தேடுவதும் கோப்பைத் தவறவிடச் செய்யும். மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே நிலம் கேட்கலாம். கணவர் மூன்றாம் ஆண்டில் இறந்தால் மனைவி மீதியை முடித்துத் தம் பெயரில் பட்டா பெறுவார். நடுவில் மறுமணம் செய்திருந்தால் புதுக் குடும்பப் பெயரில்.

நில விவரத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு டவுன்ஷிப் என்பது ஆறு மைல் சதுரம். அதில் 640 ஏக்கர் வீதம் 36 செக்‌ஷன்கள். கால் செக்‌ஷன் 160 ஏக்கர். கான்சாஸ், நெப்ராஸ்கா இரண்டுக்கும் ஆறாவது முதன்மை மெரிடியன்தான் அளவுக்கோடு. இரு மாநிலங்களின் எல்லையான 40-ஆவது இணைகோடே டவுன்ஷிப்களை வடக்கேயும் தெற்கேயும் எண்ணத் தொடங்கும் அடிக்கோடு. டவுன்ஷிப் 5 வடக்கு என்றால் நெப்ராஸ்கா, 5 தெற்கு என்றால் கான்சாஸ். திசையை மாற்றி எழுதியவர் ஒன்பது டவுன்ஷிப் தள்ளி, வேறு மாநிலத்தில் தேடிக்கொண்டிருப்பார். செக்‌ஷன் எண்கள் வடகிழக்கு மூலையில் 1-இல் தொடங்கி மேற்கே 6 வரை போய், அதன் கீழே 7-இல் திரும்பிக் கிழக்கே வரும். ஆகவே 6-உம் 7-உம் பக்கத்து நிலங்கள். செக்‌ஷன் எண்ணே இன்னொரு செய்தியும் சொல்லும். 16, 36 என்றால் பள்ளிகளுக்காக மாநிலத்துக்கு விட்ட நிலம், மாநிலத்திடம் வாங்கியிருப்பார். ரயில் பாதையை ஒட்டிய பட்டையில் ஒற்றைப்படை எண் என்றால் ரயில் நிறுவனத்திடம் வாங்கியிருப்பார். பட்டா நிறுவனத்தின் பெயரிலும், அவருடைய கிரயப் பத்திரம் கவுண்டியிலும் இருக்கும்.

டெக்சாஸ், கென்டக்கி, டென்னசி, ஆதிப் பதின்மூன்று காலனிகள் ஆகியவற்றில் இந்த முறை செல்லாது. அங்கே கூட்டாட்சி அரசு குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்த நிலமே கிடையாது. டெக்சாஸுக்கு ஆஸ்டினிலுள்ள மாநில நில அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும்.

துறைமுகமும் குடியுரிமையும்

எல்லோரையும் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேறிகள் நிலையத்தில் தேடாதீர்கள்; அது திறந்தது 1892 ஜனவரி 1. அதற்கு முன் நியூயார்க் வந்தவர்கள் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன் என்ற நிலையம் வழியாக இறங்கினார்கள். நியூ ஆர்லியன்ஸில் இறங்கி மிசிசிப்பி ஆற்றில் மேலேறியவர்களும், கனடா வழியாக வந்தவர்களும் உண்டு. குடியுரிமைத் தாள்களைப் பொறுத்தவரை, 1906 செப்டம்பருக்கு முன் பதிவு வைத்திருக்கும் எந்த நீதிமன்றமும் அவற்றை வழங்கலாம். முதல் தாளை (குடியுரிமை பெற விரும்புவதாகச் சொல்லும் அறிவிப்பு) விஸ்கான்சினிலும் இறுதித் தாளைப் பல ஆண்டு கழித்து டகோட்டாவிலும் வாங்கியிருப்பார்கள். ஒரே கவுண்டியில் இரண்டையும் தேடி ஏமாறாதீர்கள்.

குடும்பக் கதையும் அச்சில் வந்த கதையும்

1870-களிலிருந்து வெளிவந்த கவுண்டி வரலாற்று நூல்களில் பலவற்றை, முன்பணம் கட்டியவர்கள் வாங்கினார்கள். அவர்களின் வாழ்க்கைக் குறிப்பும் அவர்கள் சொன்னபடியே ஏறியது. திவாலானதும் முதல் மனைவியும் அதில் இருக்காது. கல்லறைக் கல்லும் இறந்து முப்பது ஆண்டு கழித்துப் பேரன் நட்டதாக இருக்கலாம்.

'எங்கள் தாத்தா 1848-லேயே கான்சாஸில் பண்ணை வைத்திருந்தார்' என்பது போன்ற கதைகளுக்கு ஓர் உரைகல் உண்டு. அந்த மண் எந்தப் பூர்வகுடியினருடையது, எந்த ஆண்டு அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டுக் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டது என்று பாருங்கள். கான்சாஸ் திறந்தது 1854 மே மாதத்தில். அதற்கு முன் அங்கே இருந்த வெள்ளையர்கள் படைவீரர், மதப் பணியாளர், வணிகர் என்ற சிலரே. கிழக்கு அயோவாவுக்கு 1833, ஓக்லஹோமாவின் நடுப்பகுதிக்கு 1889 ஏப்ரல் 22. இந்தத் தேதிகள் குடும்பத்தின் பெருமையைச் சோதிப்பதோடு, அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்பதையும் மரத்தில் எழுத வைக்கும். எழுதத்தான் வேண்டும்.

'நீதிமன்றம் எரிந்துவிட்டது'

கவுண்டிக் கட்டடம் எரிந்தது என்று கேட்டதும் கைவிடாதீர்கள். கூட்டாட்சி நிலக் கோப்பும் கணக்கெடுப்பும் படைவீரர் ஓய்வூதியக் கோப்பும் அங்கே இருந்தவை அல்ல. தீக்குப் பிறகு நில உரிமையை நிலைநாட்ட வீட்டில் வைத்திருந்த பழைய பத்திரங்களைக் கொண்டுவந்து பலர் மறுபடி பதிந்தார்கள். ஆகவே 1860-ஆம் ஆண்டுப் பத்திரம் 1885-ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கலாம். ஹோம்ஸ்டெட்டின் இறுதி நிரூபண அறிவிப்பை, சாட்சிகளின் பெயரோடு, உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும் என்பது 1879-இல் சட்டமானது. அந்தச் செய்தித்தாள்களில் பலவற்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஆளின் பெயர் மங்கிய அச்சில் அகப்படாவிட்டால், செக்‌ஷன் எண்ணையும் சாட்சிகளின் பெயரையும் இட்டுத் தேடுங்கள்.