வேலையிடத்தில் அடிபட்டால் என்ன எழுதுவது, யாரிடம் கொடுப்பது? கிளினிக் ஊழியர்களுக்கான செய்முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கிளினிக், டயாலிசிஸ் சென்டர் என்று வேலை செய்யும் நம் பிள்ளைகள் அதிகம். நோயாளியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வந்துவிடுகிறார்கள். பின்னால் டிஸ்க் விலகியது தெரியும்போது கையில் ஒரு தாள்கூட இருக்காது.

1. முதலில் உடம்பு. ஊசி குத்தினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஷிப்ட் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

2. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். "முதுகு வலிக்குது டாக்டர்" என்றால் கார்டில் முதுகு வலி என்றுதான் ஏறும். அப்புறம் வயசு, எடை, பழைய வலி என்று யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லலாம். "காலை பத்தரைக்கு நோயாளியைச் சக்கர நாற்காலிக்கு மாத்தும்போது அவர் சரிஞ்சிட்டார், தாங்கிப் பிடிச்சேன், இடுப்பில் சுளீர்னு இழுத்தது" என்று சொல்லுங்கள். நேரம், இடம், செய்த வேலை, பார்த்தவர் பெயர், நான்கும் வேண்டும். அதையே அன்றைக்கே முதலாளிக்கு எழுதுங்கள். வாட்ஸ்அப் என்றாலும் சரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நோயாளி அறைந்தாலும் கடித்தாலும் இதே முறைதான். "சீக்காளிதானே, விடு மிஸ்ஸி" என்று நர்ஸிடம் சொல்வார்கள். விடலாம், எழுதிக் கொடுத்த பிறகு.

3. சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவம், பாரம் 34. அடிபட்ட நாளையும் சேர்த்து குறைந்தது 4 நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்கு வரும் வழியில் மோட்டாரில் விழுந்தாலும் உண்டு. பென்ஷன் உள்ள அரசாங்க மிஸ்ஸிகளுக்கு மட்டும் சொக்சோ கிடையாது.

4. ஜேகேகேபி, அதாவது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா. சொக்சோவுக்குக் கொடுத்தாச்சு, வேலை முடிந்தது என்று நினைக்கும் மேனேஜர்கள் உண்டு. இது வேறு சட்டம், 2004 விதிமுறை. எலும்பு முறிந்தாலோ, 4 நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ உடனே தகவல் சொல்லி, 7 நாளுக்குள் ஜேகேகேபி 6 பாரம் அனுப்ப வேண்டும். வேலையால் வந்த நோய்க்கு ஜேகேகேபி 7. இரண்டும் முதலாளியின் பொறுப்பு, உங்கள் தலையில் கட்டவிடாதீர்கள்.

5. முதலாளி இழுத்தடித்தால் நீங்களே சொக்சோ ஆபீசுக்குப் போகலாம். அடையாள அட்டை, எம்சி, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண், அந்த ஸ்கிரீன்ஷாட், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எம்சியை நகல் எடுக்காமல் எங்கேயும் கொடுக்காதீர்கள்.