சிறுவர் படத்தைத் தேர்ந்தெடுக்க விமர்சனங்களைப் படிப்பது எப்படி?

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நல்ல படம் ஒன்றைக் காட்ட விரும்பும் சேலத்து ஆசிரியர்களும் பெற்றோரும், இணையத்தில் தெரியும் ஒரு சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் ‘ரூபி கில்மேன், டீனேஜ் கிராகன்’ படத்தைக் கொண்டு விளக்குகிறேன். மனிதர்களுக்கு நடுவே தன் பிறப்பை மறைத்து வாழும், கிராகன் என்னும் கற்பனைக் கடல் விலங்கினத்தைச் சேர்ந்த ஒரு சிறுமியின் கதையான இந்த அனிமேஷன் படம், அமெரிக்காவில் 2023 ஜூன் 30 அன்று வெளியானது.

சதவீதம் என்பது மதிப்பெண் அன்று. விமர்சனங்களைத் திரட்டித் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் காணும் எண், விமர்சகர்களில் எத்தனை விழுக்காட்டினர் படத்துக்கு ஆதரவாக எழுதினர் என்பதை மட்டுமே சொல்லும். வியந்து பாராட்டியவரும் ‘பரவாயில்லை’ என்று முடித்தவரும் அங்கே ஒரே கணக்கில் வருவார்கள். இந்தப் படத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விமர்சகர்கள் ஆதரித்தார்கள். ஒவ்வொரு விமர்சனத்துக்கும் மதிப்பெண் இட்டுச் சராசரி காணும் மெட்டாக்ரிட்டிக் தளத்திலோ இது நடுத்தரமாகவே நின்றது. திரையரங்குக்கு வந்தவர்களிடமே கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர், ‘ஏ மைனஸ்’ என்னும் உயர்ந்த தரத்தைத் தந்தது. ஆனால் குடும்பத்தோடு விரும்பி வந்தவர்களின் தீர்ப்பு அது என்பதால், சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வசூலைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். முதல் வார இறுதியில் அமெரிக்காவில் சுமார் 55 லட்சம் டாலர் மட்டுமே ஈட்டி, அந்நிறுவனத்தின் மிகக் குறைந்த தொடக்கமாக இப்படம் அமைந்தது. அதே நாளில் இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் புதிய படமும் வெளியாகியிருந்தது.

எண்களை விட்டுவிட்டு, பாராட்டி எழுதிய ஒரு விமர்சனத்தையும் குறைகூறிய ஒரு விமர்சனத்தையும் முழுமையாகப் படியுங்கள். தீர்ப்பைக் காட்டிலும் அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் குறித்துக்கொள்வதே முக்கியம். துள்ளலான வண்ணங்களையும், பாட்டி, தாய், மகள் என்னும் மூன்று தலைமுறைப் பெண்களின் உறவையும் பலர் பாராட்டினார்கள். குறைகூறியவர்களோ, பிக்சார் நிறுவனத்தின் ‘லூக்கா’ (2021), ‘டர்னிங் ரெட்’ (2022) ஆகிய படங்களை இது பெரிதும் நினைவூட்டுகிறது என்றார்கள்.

அடுத்து, அந்தக் குறை யாரைப் பாதிக்கும் என்று கேளுங்கள். ஆண்டு முழுவதும் படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குப் பழகிப்போன கதை, பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் கதையாக இருக்கலாம். சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வந்து சேலத்துப் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் சிறுமி, தன் ஊரையும் வீட்டுப் பேச்சையும் வகுப்பில் வெளிக்காட்டத் தயங்கும்போது, ரூபியின் தயக்கம் அவளுக்குக் கடலைப் பற்றியதாக இராது. அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்தே நான் இப்படத்தைப் பரிந்துரைப்பேன். அதேவேளையில், கதை அவசரமாக ஓடுகிறது, திருப்பம் முன்கூட்டியே தெரிகிறது போன்ற குறைகள் பெரியவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பிள்ளைகளும் சலிப்படைவார்கள் என்பதால் அவற்றைத் தள்ளிவிடக் கூடாது.

காட்டுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரமே ஆகும். கடல் விலங்குகள் மோதும் காட்சிகளில் சிறு குழந்தைகள் அஞ்சக்கூடுமா என்பதையும், எந்த மொழியில் கிடைக்கிறது என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளலாம்.

படம் முடிந்ததும் பிள்ளைகளையே விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். 1935இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கிய இந்தச் சேலம் நகரத்தின் பிள்ளைகள், படம் பார்ப்பதோடு நில்லாமல் அதைப் பற்றி எழுதவும் பழக வேண்டும் என்பது என் விருப்பம். பிடித்த காட்சி ஒன்று, நம்ப முடியாத காட்சி ஒன்று, இரண்டுக்கும் காரணம்: இவ்வளவு போதும். விமர்சகர்கள் சொன்னதை அவர்கள் எழுதி முடித்த பின்னரே படித்துக் காட்டுங்கள். முன்பே சொல்லிவிட்டால் அந்தக் கருத்தையே தங்கள் சொல்லில் திருப்பி எழுதுவார்கள்.