சிறு டிராக்டரின் பின்சக்கரங்களுக்குப் பனிச் சங்கிலி மாட்டும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டப் பகுதிகளிலும் வளர்ந்த நம்மவர்கள் பலருக்குத் தரையில் பனி கிடப்பதைப் பார்க்கும் வாய்ப்பே அரிது. ஆனால் டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்தில், அண்டர்பர்க், ஹிம்வில் பக்கமாகப் பண்ணை வைத்திருப்பவர்களும் அங்கே வேலைக்குப் போயிருப்பவர்களும் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை வானத்தைக் கவனித்தபடியே இருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் கொட்டிய பனி, டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையையே வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் மூட வைத்துவிட்டது. அப்படிப்பட்ட நாளிலும் மாடுகளுக்கு உலர்புல் கட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தே ஆக வேண்டும். அதற்கு உதவுவது, பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலி. இந்த விளக்கம் முதன்முறையாக அதை வாங்கப்போகிறவர்களுக்காக எழுதப்பட்டது.

வாங்குவதற்கு முன் அளப்பது

முழு வேலையிலும் அதிகக் கவனம் கேட்பது இந்தப் பகுதிதான். பின்டயரின் பக்கச்சுவரில் 11.2-24 என்பது போன்ற எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாவது எண் ரிம்மின் குறுக்களவையும் அங்குலக் கணக்கில் குறிக்கின்றன. அந்த எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு, டயரின் மேற்பரப்பையும் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். ‘பாக்கி’ எனப்படும் திறந்த பின்பகுதி கொண்ட சிறு சரக்கு வண்டிக்கு விற்கும் சங்கிலியை நீட்டியோ வெட்டியோ டிராக்டருக்குப் பொருத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து, டயரின் உட்பக்கத்தில் கையை விட்டுப் பாருங்கள். மட்கார்டு, கருவிகளைத் தூக்கும் கைகள், அவை பக்கவாட்டில் ஆடாமல் பிடித்து வைக்கும் கம்பிகள் ஆகியவை டயரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். தூக்கும் கைகளை முழுவதும் இறக்கி ஒருமுறையும் முழுவதும் உயர்த்தி ஒருமுறையும் அளப்பது நல்லது. மிக நெருக்கமான இடத்தில் 5 செ.மீ. இடைவெளியாவது இல்லையென்றால் சங்கிலி மாட்டக் கூடாது என்பதே என் கருத்து. டிராக்டரின் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதுவே முடிவு. ஓடும்போது சங்கிலி வெளிப்புறமாக விரியும் என்பதால், நிற்கும்போது உரசாதது ஓடும்போது உரசக்கூடும். சில டிராக்டர்களில் ரிம்மைத் திருப்பி மாட்டிச் சக்கரங்களை அகலப்படுத்தலாம்; இடம் போதாதவர்கள் அதை முதலில் விசாரிக்க வேண்டும்.

சங்கிலியின் வகையும் முக்கியம். ஏணிப்படி போலக் குறுக்கே மட்டும் ஓடும் சங்கிலி விலை குறைவு. ஆனால் வயல் டயரில் உயரமான ரப்பர் கட்டைகள் சாய்வாக நிற்பதால், அந்தக் குறுக்குச் சங்கிலிகள் கட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் விழுந்து பிடிப்பை இழந்துவிடும். அத்தகைய டயருக்கு வைர வடிவில் பின்னிய சங்கிலியே ஏற்றது. புல்வெளி டயரும் தொழிற்சாலை வகை டயரும் வைத்திருப்பவர்களுக்கு ஏணி வகை போதும். அதிலும் குறுக்குச் சங்கிலிகள் நெருக்கமாக உள்ளதை வாங்கினால் வண்டி குலுங்குவது குறையும்.

மாட்டும் முறை

பனி விழுவதற்கு முன்பே, காய்ந்த சமதரையில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். கருவியைத் தரையில் இறக்கி, கை பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கையுறை கட்டாயம்.

சங்கிலியைத் தரையில் விரித்து, ஒரு கண்ணிகூட முறுக்கிக்கொள்ளாமல் நேராக்குங்கள். கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளிப்புறம் பார்க்க வேண்டும். உள்நோக்கி இருந்தால் அது நாளடைவில் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். பனியைக் கடிக்கும் கூர்ப்பட்டை உள்ள சங்கிலியானால் அந்தக் கூர்ப்பக்கமும் வெளியேதான் இருக்க வேண்டும்.

பிறகு சங்கிலியை டயரின் மேல் சால்வை போலப் போர்த்துங்கள். இரு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கட்டைகளை எடுத்து, ஆட்களை விலகி நிற்கச் சொல்லி, இணைக்க வேண்டிய முனைகள் கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்வரை மிகக் குறைந்த கியரில் வண்டியை நகர்த்துங்கள். மீண்டும் எஞ்சினை நிறுத்திக் கட்டை வைத்த பிறகே சக்கரத்தை நெருங்க வேண்டும். முதலில் உட்பக்கக் கொக்கியை மாட்டுங்கள். அது கண்ணுக்குத் தெரியாமல் விரல் நுனியாலேயே தேடி மாட்ட வேண்டிய இடம். அடுத்து வெளிப்பக்கத்தை இழுத்து மாட்டி, இரு பக்கமும் மீதமிருக்கும் கண்ணிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்றாக இல்லையென்றால் சங்கிலி ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும். தொங்கும் மீதிக் கண்ணிகளைக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

சுமார் நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் சங்கிலி டயரில் படிந்து தளர்ந்திருக்கும் என்பதால், புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இந்தப் படியை எக்காரணத்தாலும் விடக் கூடாது.

ஓட்டும்போது

பல சிறு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. ஆகவே சங்கிலி ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் பின்சக்கரங்களுக்கே வாங்குங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் இறக்கத்தில் அதை இணைத்தே வைத்திருந்தால் முன்சக்கரங்களும் வேகத்தைக் கட்டுப்படுத்த உதவும். சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்கே ஓட்டக் கூடாது. சங்கிலி இழுவையைக் கூட்டுமே தவிர, வண்டி கவிழ்வதைத் தடுக்காது. டிராக்டரின் முன்னால் அள்ளும் வாளி பொருத்தியிருந்தால் அது தாழ்வாக இருக்கட்டும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் உள்ள வண்டியில் இருக்கைப் பட்டையையும் கட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே பனி ஓரிரு நாளில் உருகிச் சேறாகிவிடும். சேற்றிலும் ஈரமான கிக்குயு புல் சரிவிலும் சங்கிலி உதவும். ஆனால் புல்லின் வேரைப் பெயர்த்துவிடும். தார்ச் சாலையில் ஓட்டினால் சாலை, சங்கிலி, டயர் மூன்றும் கெடும். ஆகவே வேலை முடிந்ததும் கழற்றி, கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி, கொட்டகையில் தொங்கவிடுங்கள். அப்போதே குறுக்குச் சங்கிலிகளைப் பாருங்கள். கண்ணியின் தடிமன் பாதியாகத் தேய்ந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், முழுச் சங்கிலியையும் எறிய வேண்டியதில்லை.