பழைய கை என்ற தைரியம்: மீண்டும் வெல்டிங் தொடங்குவோர் தவிர்க்க வேண்டியவை

கோத்தகிரியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன மாதம் புது இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கினான். கல்லூரி நாட்களில் வெல்டிங் பழகியவன். 12 வருடம் கழித்து இப்போது கோழிக்கூண்டு செய்ய ஆசை. எட்டிப் பார்க்கப் போனேன். பரணிலிருந்து பழைய ராடு (உருகி இரும்பை ஒட்டவைக்கும், பூச்சுப் போட்ட வெல்டிங் கம்பி) பாக்கெட் ஒன்றை இறக்கிப் பிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இது இருக்கட்டும்ணா, வீணாக்குவானேன்?" என்கிறான். நானும் ஒரு காலத்தில் இதே வசனத்தைத்தான் பேசினேன்.

கண்ணாடி இல்லாமல் பார்க்காதே, ஈரத்தில் நிற்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பரணில் கிடந்த ராடு

நான் 9 வருடம் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைத் தொடாமல் இருந்தேன். அப்புறம் காட்டுமாடு தோட்டத்துக்குள் வருகிறது என்று ஒரு இரும்பு கேட் செய்ய இறங்கினேன். ராடு பாக்கெட் வீட்டிலேயே இருந்தது. பூச்சின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைத் துணியால் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்சுடர்) படபடவென்று வெடித்தது. பொறி சிதறியது. கை பழக்கம் விட்டுப்போச்சு என்று நினைத்துக் கரண்டைக் கூட்டினேன். ஒட்டிய பற்று மேடும் பள்ளமுமாக வந்தது. கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். மூன்றாவது வாரம் காற்றில் கேட் படீரென்று சாத்திக்கொண்டு, கீல் பிய்ந்து கையோடு வந்தது. வீட்டில் காட்டுமாடு முட்டியது என்று சொல்லிச் சமாளித்தேன். உடைந்த முகத்தைப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மிச்சம் பிடித்தது 400 ரூபாய். புதுக் கீல், ஆங்கிள், பெயிண்ட், தூணைத் திரும்ப நட்ட கொத்தனார் கூலி என்று போனது 7,000.

ராடின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சும். ஆர்க் சூட்டில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். உருகிய இரும்பு இறுகும்போது வெளியேற முடியாத வாயு ஓட்டையாக நின்றுவிடும். கனமான இரும்பிலும் கடினமான எஃகிலும் இதே ஹைட்ரஜன், வேலை முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விட வைக்கும். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை போனால் வடகிழக்கு வந்துவிடும், நடுவில் மூடுபனி. சமவெளியில் தாக்குப்பிடிக்கும் பாக்கெட் இங்கே தாங்காது.

இரண்டு ராடை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கிண்ணென்று கேட்கும். ஈரம் கோத்தது டொக்கென்று செத்த சத்தம் போடும். வெள்ளை பூத்திருந்தாலோ, பூச்சு உதிர்ந்து உள்கம்பி துருப்பிடித்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். லேசான ஈரம்தான் என்றால் 6013 என்ற சாதாரண வேலைக்கான ராடை 100–120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைக்கலாம். அதற்கு மேல் வறுக்காதீர்கள், அந்தப் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஹைட்ரஜன் குறைவாக இருக்க வேண்டிய 7018 ராடின் கதையே வேறு: 300–350 டிகிரி, ஒன்று இரண்டு மணி நேரம். சமையலறை ஓவனுக்கு அது எட்டாது, சோறு சமைக்கிற இடத்தில் செய்யவும் கூடாது. தோசைக்கல்லில் வாட்டுவதும் வேண்டாம். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் ஈரமாகவே இருக்கும்.

நான் இப்போது ஓடாத பழைய ஃபிரிட்ஜ் ஒன்றில் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு அதற்குள் ராடு வைக்கிறேன். எல்இடி பல்பு போட்டால் வெளிச்சம் வரும், சூடு வராது. அதையும் ஒரு தடவை செய்திருக்கிறேன்.

எர்த் கிளாம்பைப் பெயிண்ட் மேல் கவ்வவிடுவது

கரண்ட் மெஷினுக்குத் திரும்பிப் போகிற கவ்வி அது. பெயிண்டைச் சுரண்டுங்கள். அவ்வளவுதான்.

குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒட்டுவது

டிசம்பர் மாலை, வெளியே உறைபனி விழப்போகிற குளிர். ஷெட் கதவைச் சாத்திவிட்டு ஜிஐ பைப்பில் வேலை செய்தேன். வெள்ளைப் புகை கிளம்பியது. ராத்திரி பல் கிட்டி நடுங்கினேன், வாயெல்லாம் தகர ருசி. மலைக்குளிர் என்று கம்பளி போர்த்திப் படுத்தேன். அது துத்தநாகப் புகைக் காய்ச்சல். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானே இறங்கிவிடும், ஆனால் மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். பால் குடித்தால் முறியும் என்பது சும்மா. புகை போவது நுரையீரலுக்கு. ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுங்கள், வெளியில் வைத்து ஒட்டுங்கள், காற்று வரும் பக்கம் நில்லுங்கள். குளிர்கிறதா? ஸ்வெட்டர் போடுங்கள். பருத்தியோ கம்பளியோ இருக்கட்டும். நைலான் கலந்தது பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

மெஷினில் 200 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே

பெரும்பாலான மெஷின்களில் போட்டிருக்கும் அளவு 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். ஊட்டி 2,240. காற்று மெலிந்த இடத்தில் மெஷின் மெதுவாகத்தான் ஆறும், ஓய்வு கொடுங்கள். 12 கேஜ் (சுமார் 2.5 மி.மீ. தடிமன்) ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும், முழு வேகத்தில் ஓட்டுவானேன்.

தம்பி அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடவில்லை. பூச்சைத் தட்டி உதிர்த்துவிட்டு, கம்பிகளை வீட்டு முன்னால் ரோஜா நாற்றுகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான்.