முழு பலத்தில் அடிக்காமலிருக்கவே பெரிய ஃபிளாஷ்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை வரை திருமணப் படமெடுக்கப் போய்வரும் எங்களிடம், புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் முதலில் கேட்பது, "எந்த ஃபிளாஷ் ரொம்ப தூரம் அடிக்கும், அண்ணே?" என்பதுதான். தூரத்தை மட்டும் எண்ணிப் பெரிய ஃபிளாஷ் வாங்கியவர்கள் ஒரு முகூர்த்தத்திலேயே சலித்துப்போவதைக் கண்டிருக்கிறேன். கேமராவின் தலையில் பொருத்தும் பலமான வெளி ஃபிளாஷின் உண்மையான பயன், கூரைக்கும் குடைக்கும் பெரும்பகுதி ஒளியைத் தாரை வார்த்த பிறகும் முகத்துக்குப் போதிய ஒளி மிஞ்சுவதிலும், பதினாறில் ஒரு பங்கு பலத்தில் அடித்துவிட்டு உடனே மறுபடி அடிக்க முடிவதிலும் இருக்கிறது. அந்தக் கையிருப்பை எங்கே செலவிடலாம், எங்கே அது காலை வாரும் என்பதை என் அனுபவத்தில் தெரிந்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

முதலில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கைடு நம்பரை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100-இல், முழு பலத்தில் அடித்தால் ஆளின் மேல் ஒளி சரியாக விழும் தூரத்தை மீட்டரில் எடுத்து, அதை லென்ஸின் துவார எண்ணால் (எஃப் 4, எஃப் 11 என்பது போல) பெருக்கினால் வருவது அந்த எண். கேனான் 600 இஎக்ஸ்-ஆர்டி என்ற ஃபிளாஷுக்கு 60 என்று போட்டிருக்கும். நிக்கான் எஸ்பி-5000-க்கு 34.5 என்று போட்டிருக்கும். முன்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் எட்டும் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் 60 என்பது ஃபிளாஷின் தலையை 200 மி.மீ. லென்ஸுக்கு ஏற்றபடி குவித்து வைத்த நிலையில் அளந்தது, 34.5 என்பது 35 மி.மீ. நிலையில் அளந்தது. கேனானையும் 35 மி.மீ. நிலைக்குக் கொண்டுவந்தால் எண் ஏறக்குறைய 36-க்கு இறங்கிவிடும். இரண்டும் ஒரே வகுப்பு மாணவர்கள்தாம். எனவே எந்த ஃபிளாஷை எதனோடு ஒப்பிட்டாலும், இரண்டும் ஒரே மி.மீ. நிலையில் அளக்கப்பட்டவையா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

இந்த 36 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைவோம். ஐஎஸ்ஓவை 400-ஆக உயர்த்தினால் எண் இரட்டிப்பாகி 72 ஆகும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் மணமக்களை எஃப் 4-இல் எடுக்கத் தேவைப்படுவது 12 மட்டுமே. ஆறில் ஒரு பங்கு எண் என்றால் ஒளியில் முப்பத்தாறில் ஒரு பங்கு, அதாவது ஃபிளாஷை 1/32-இல் வைத்தாலே போதும். கேமராவோடு வரும் சின்ன ஃபிளாஷும் நேராக அடித்தால் இந்த வேலையைச் செய்துவிடும். அப்படியானால் இத்தனை ரூபாயும் அரைக் கிலோ எடையும் எதற்கு என்றால், நேராக அடித்த ஒளி முகத்தைத் தட்டையாக்கி, மூக்கின் மேல் எண்ணெய் வழிய வைத்து, பின்சுவரில் கரிய நிழலை ஒட்டிவிடும். லென்ஸுக்கு மிக அருகிலிருந்து வருவதால் கண்ணைச் சிவக்க வைக்கும். தலையைத் திருப்பிக் கூரையில் அடித்தால் கூரையே ஒரு பெரிய விளக்காகி, மேலிருந்து மெத்தென்று ஒளி இறங்கும். அதற்குத்தான் பலம் வேண்டும். பதினாறு அடிக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளி கடக்கும் பாதை நீண்டுவிடுவதாலும், பூச்சு கொஞ்சத்தைக் குடித்துவிடுவதாலும், மூன்று முதல் நான்கு ஸ்டாப் வரை போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). முன்பு 1/32 போதுமாக இருந்த இடத்தில் இப்போது கால் பங்கோ அரைப் பங்கோ தேவைப்படும்.

இங்கேதான் நான் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், படத்தில் புள்ளி விழும் என்று பயந்து ஐஎஸ்ஓவை 200-க்கு மேல் ஏற்றாமல், காலை நாலரை மணி முதல் ஒவ்வொரு சடங்கையும் முழு பலத்தில் கூரையில் அடித்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குக் கெட்டிமேளம் கொட்டியபோது ஃபிளாஷின் தலை தொட முடியாதபடி கொதித்தது. சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது சார்ஜ் ஏறும் நேரத்தை நீட்டிவிட்டது. தாலி ஏறும் கணத்தில் மூன்று படங்கள் இருட்டாக விழுந்தன. பக்கத்தில் நின்ற தாய்மாமன், "என்ன தம்பி, உங்க விளக்கு கண்ணே திறக்கல?" என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. அன்று ஐஎஸ்ஓவை 1600 வைத்திருந்தால் 1/16-க்கும் 1/8-க்கும் இடையிலேயே வேலை முடிந்திருக்கும், சூடும் ஏறியிருக்காது. இன்றைய கேமராக்களில் 1600 ஒரு பொருட்டே அல்ல.

குறைந்த பலத்தில் இன்னொரு லாபமும் உண்டு. முழு பலத்தில் ஃபிளாஷின் வெளிச்சம் ஏறக்குறைய நொடியில் முந்நூறில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும். பலத்தைக் குறைக்கக் குறைக்க அந்த நேரமும் குறைந்து, 1/128-இல் இருபதாயிரத்தில் ஒரு பங்குவரை சுருங்கும். மேலிருந்து விழும் அட்சதை முழு பலத்தில் வெள்ளைக் கோடுகளாக இழுத்துக்கொண்டு விழும், 1/16-இல் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக அந்தரத்தில் நிற்கும். சார்ஜ் ஏறும் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்: நான்கு சாதாரண ரீசார்ஜ் செல்கள் முழு அடிக்குப் பிறகு மூன்று முதல் ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும், லித்தியம் பேட்டரி வைத்த கோடாக்ஸ் வி860 போன்றவை ஒன்றரை நொடியில் தயாராகிவிடும்.

கூரையில் அடிக்கும்போது அந்தக் கூரையின் நிறம் உங்கள் படத்தில் வந்து உட்காரும் என்பதை மறக்கக் கூடாது. கழுதுருட்டிப் பக்கம் ஒரு வீட்டில், பச்சை வண்ணம் பூசிய சிறிய கூடத்தில், கசவு முண்டும் நேரியதும் (சரிகைக் கரை வைத்த வெள்ளைக் கேரள உடை) உடுத்தி அமர்ந்திருந்த பாட்டியைப் பக்கச் சுவரில் அடித்து எடுத்தேன். முண்டு தளிர் வெற்றிலை நிறத்துக்கு வந்தது; முகமோ காய்ச்சலில் விழுந்து எழுந்தவர் போல இருந்தது. வீட்டார் கொடுத்த தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து நிறுத்தி அதில் அடித்த பிறகுதான் வெள்ளை வெள்ளையாயிற்று. அன்றிலிருந்து ஒரு அட்டை என் பையிலேயே இருக்கிறது. உயரமான தகரக் கூரையும், கருந்தேக்கு மச்சும், திறந்த பந்தலும் ஒளியைத் திருப்பித் தரமாட்டா; அங்கே கூரையை மறந்துவிட்டு, ஃபிளாஷைத் தண்டில் ஏற்றி வெள்ளைக் குடைக்குள் அடிப்பதே வழி.

கசவையும் பட்டுச் சேலையையும் ஒரே மேடையில் பார்க்க வேண்டியிருப்பது எல்லை ஊர்க்காரனுக்கு வாய்த்த தொல்லை. திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் என்பதால் செங்கோட்டையிலிருந்து மலைக்கு அந்தப் புறம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் சகஜம். கேமராவே ஒளியை அளந்து தீர்மானிக்கும் டிடிஎல் முறை, படச்சட்டம் நிறைய வெள்ளை முண்டைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணி ஃபிளாஷைக் குறைத்துவிடும், கருநீலக் கோட்-சூட்டைக் கண்டால் ஏற்றிவிடும். கசவுக் கூட்டத்துக்கு ஃபிளாஷ் திருத்தத்தை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டியும், இருண்ட உடைக்கு அதே அளவு குறைத்தும் வையுங்கள். தூரம் மாறாத மேடை வேலைக்கு நான் கைமுறையில் பலத்தை நிறுத்திவிடுவேன். டிடிஎல் அளவெடுக்க முன்கூட்டி விடும் சிறு மின்னலுக்குக் கண் சிமிட்டும் ஆட்களும் அதனால் தப்பிப்பார்கள்.

வெளிப்புறத்தில் பலம் எத்தனை சிறியது என்பது கழுதுருட்டியின் பதிமூன்று கண் ரயில் பாலத்தில் தெரியும். கல்யாணம் முடிந்த ஜோடியைப் பாலத்தின் முன்னே நிறுத்தி, அந்திக் கருக்கலில் ஃபிளாஷ் அடித்தால் ஜோடி மட்டும் பளிச்சென்று வரும், பாலம் காணாமல் போகும். மூன்று மீட்டரில் நிற்கும் ஜோடிக்குக் கிடைக்கும் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் முப்பது மீட்டரில் இருக்கும் கல்தூணுக்குக் கிடைக்கும். தூரம் பத்து மடங்கானால் ஒளி நூறு மடங்கு குறையும் என்பதை எந்த ஃபிளாஷும் மாற்ற முடியாது. ஆகவே முதலில் ஃபிளாஷை அணைத்துவிட்டு, பாலமும் வானமும் சரியாக விழும்படி ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் அமைத்துக்கொண்டு, அதன் பிறகு ஜோடியின் அளவுக்கு மட்டும் ஃபிளாஷைச் சிறிதாகச் சேர்க்க வேண்டும். ஷட்டர் வேகம் பின்னணிக்கு, துவாரமும் ஃபிளாஷின் பலமும் ஆளுக்கு என்று மனத்தில் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. (ரயில் ஓடும் பாதை அது, தண்டவாளத்தில் ஆளை நிறுத்திப் படமெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.)

உச்சி வெயிலில் கணக்கு இன்னும் கடுமை. ஐஎஸ்ஓ 100, நொடியில் இருநூறில் ஒரு பங்கு, எஃப் 11 என்று வைத்தால், 36 எண்ணுள்ள ஃபிளாஷ் முழு பலத்தில் சூரியனுக்கு ஈடுகொடுக்கும் தூரம் மூன்றேகால் மீட்டர்தான். ஒரு ஸ்டாப் குறைவாக, நிழலைத் தளர்த்தும் அளவுக்கு மட்டும் போதுமென்றால் நாலரை மீட்டர் எட்டும். இருபது பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கு அது பற்றாது. அங்கே 200 வாட்-செகண்டு பலமுள்ள பெரிய ஃபிளாஷைக் கொண்டுபோங்கள், அல்லது எல்லாரையும் மரநிழலுக்கு நகர்த்துங்கள். நான் நிழலுக்கு நகர்த்துகிறவன். பின்னணியை மங்கலாக்க எஃப் 2-க்குப் போக வேண்டுமானால் ஷட்டர் வேகம் 1/200, 1/250 என்ற, ஃபிளாஷோடு ஒத்துப்போகும் சிங்க் வரம்பைத் தாண்டும். அப்போது ஹை ஸ்பீடு சிங்க் என்ற வசதி, ஷட்டரின் குறுகிய பிளவு நகர்ந்து முடியும்வரை ஃபிளாஷைப் படபடவென்று துடிக்க வைக்கும். அதில் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ பலம் கரைந்து, எட்டும் தூரம் பாதியாகச் சுருங்கும், பேட்டரியும் சூடும் சேர்ந்து அடி வாங்கும்.

ஆனி, ஆடியில் சாரல் இறங்கும்போது கேமராவின் மேலிருக்கும் ஃபிளாஷ் முழுக்கக் கெடுதல்தான் செய்யும். லென்ஸுக்கு ஒரு முழத்துக்குள் விழும் துளிகள் ஆளைவிடப் பல மடங்கு ஒளி வாங்கி, படம் முழுக்க வெள்ளை வட்டங்களாகத் தெரியும். அதே ஃபிளாஷை, தள்ளி நின்று அடிக்க வைக்கும் ரேடியோ டிரிகர் வழியாகத் தனியே பிரித்து, ஜோடிக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி, லென்ஸுக்குத் தெரியாமல் அவர்கள் முதுகுப் பக்கம் நிறுத்தி அடித்தால், இருண்ட காட்டின் முன்னே சாரல் வெள்ளி நூலாக மின்னும். முகத்துக்குத் தனியாக இன்னொரு சிறிய ஒளி வேண்டும். ஃபிளாஷுக்குப் பாலித்தீன் உறை போடும்போது தலைப்பக்கத்தைத் தளர்வாக விடுங்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கி முந்நூறு வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும் என்பதால், ஈரம் புகுந்ததைத் திறந்து துடைக்க முயல வேண்டாம்.

எடை ஒரு குறைதான்: கேமராவின் மேல் கனம் ஏறுவதால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும், பையோடு சாய்ந்து விழுந்தால் முதலில் உடைவது ஃபிளாஷின் கால். கோயில் முற்றத்தில் நடக்கும் தாலிகெட்டுக்கு, ஃபிளாஷ் அடிக்கலாமா என்று முன்கூட்டியே மேல்சாந்தியிடம் (தலைமைப் பூசாரி) கேட்டுவிடுங்கள். யானை நிற்கும் இடத்தில் பாகன் சம்மதித்தாலும் நான் அடிப்பதில்லை.

பழைய ஸ்டுடியோவிலிருந்து ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் மலிவாகக் கிடைத்தால், அதைக் கேமராவில் மாட்டுமுன் மல்டிமீட்டரால் காலின் நடுப்புள்ளிக்கும் ஓரத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். அவற்றில் சில இருநூறு வோல்ட்டுக்கு மேல் கேமராவுக்குள் அனுப்பக்கூடியவை, டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட்டை அது எரித்துவிடலாம். கேமராவின் கையேட்டில் சொன்ன வரம்புக்கு மேல் காட்டினால் ரேடியோ டிரிகரிலும் மாட்டாதீர்கள். கல்யாணமில்லாத ஆடி மாதம் முழுக்க ஃபிளாஷை அலமாரியில் போட்டுவைப்பவர்கள், செல்களைக் கழற்றி வைத்துவிட்டு, இடையில் ஒருமுறையாவது அவற்றைப் போட்டுச் சார்ஜ் ஏற்றிப் பத்துத் தடவை அடித்துவிட வேண்டும். நீண்ட நாள் சும்மா கிடந்த மின்தேக்கி, ஆவணி முதல் முகூர்த்தத்தன்று சார்ஜ் ஏறச் சுணங்கும்.