உயில் எழுத யாரைக் கூட வைத்துக்கொள்ளலாம்?

வக்கீல் குமாஸ்தாவாக 22 வருடம் உயில்கள் டைப் செய்திருக்கிறேன். வருகிறவர் யாரோடு வருகிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு பெரியவர் மகனோடு வந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் மகனே பதில் சொன்னார். ஆதாரை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி மகனை அனுப்பினோம். அவர் படியிறங்கியதும் பெரியவர், "வீட்ல பாதி பொண்ணுக்கு எழுதணும் தம்பி" என்றார்.

சொத்து யாருக்குப் போகிறதோ அவர் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துக் கொடுக்கட்டும், ஆட்டோ பிடித்து வரட்டும். அதோடு சரி. வாசகம் சொல்வதிலும் சாட்சி கூட்டி வருவதிலும் அவர் தலை தெரியக்கூடாது. பெரும் பங்கு பெறுகிறவரே முன்னின்று உயிலை முடித்தால் அது சந்தேகத்துக்கு இடம் தரும் என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லிவிட்டது. அதைத் தீர்க்கும் பாரமும் அவர் தலையில்தான் விழும்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 63-இன்படி குறைந்தது 2 சாட்சிகள் வேண்டும். (முஸ்லிம்களுக்கு விதி வேறு.) நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று நீங்களே அவர்களிடம் சொல்ல வேண்டும். அப்புறம் உங்கள் கண்ணெதிரே அவர்கள் போட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. உள்ளே இருப்பதை அவர்கள் படிக்கவும் தேவையில்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சாட்சி உங்களைவிட இளையவராக இருக்கட்டும். இதில் நானே கோட்டை விட்டேன். அப்பாவின் உயிலுக்கு அவரோடு வாக்கிங் போகும் இருவரைக் கூப்பிட்டேன், இருவருக்கும் எழுபதுக்கு மேல். கோர்ட்டில் நிரூபிக்க வேண்டி வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. ஒருவரின் கையெழுத்தை அடையாளம் காட்ட அவர் மகனைத் தேடி அலைந்தேன். குமாஸ்தா வீட்டு உயில்!

உடம்பு முடியாதவர் என்றால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரையே ஒரு சாட்சியாகப் போடுங்கள். வெறும் சான்றிதழை இணைப்பதைவிட அது பலம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை.

பெரியவர் மறுவாரம் தனியாக வந்தார். சாட்சிக்கு அவருடைய பழைய ஆபீஸிலிருந்து இரண்டு இளைஞர்கள். கண்ணாடியை மறந்து வந்திருந்ததால் முழுவதையும் நான் படித்துக் காட்டினேன்; படித்துக் காட்டியதையும் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். மகள் பெயர் வந்த இடத்தில், "இன்னொரு தடவை படிங்க" என்றார்.